‘ஆக்சுவலி’ போட்டால் ஆங்கிலம் ஆகிவிடாது

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா கல்லூரிகளில் கேம்பஸ் நேர்காணலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. மாதிரி நேர்காணல் நடத்துவேன், பேச விட்டுக் கேட்பேன், திருத்துவேன். போன வாரம் ஒரு கல்லூரியில் காலை முதல் சாயங்காலம் வரை ஒரே பல்லவி. ‘ஆக்சுவலி’ என்று ஆரம்பித்தார்கள், ‘தட்ஸ் இட்’ என்று முடித்தார்கள். நடுவில் என்ன சொன்னார்கள் என்பதை நான்தான் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்திருந்தால் இதைவிடக் காட்டமாக வந்திருக்கும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “ஆக்சுவலி மேடம், மை ஃபாதர் இஸ், லைக், பேசிக்கலி எ ஃபார்மர், யூ நோ” என்றான்.

“பேசிக்கலி விவசாயின்னா, மத்தபடி என்னவா இருக்கார்ப்பா?” என்று கேட்டுவிட்டேன். முழித்தான். அவன் அப்பா விவசாயி, அவ்வளவுதான். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’. ஐந்து சொல். பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குத் தெரிந்த ஐந்து சொல். மற்றதெல்லாம் பிறகு யாரோ கற்றுக்கொடுத்துச் சேர்ந்தது.

எனக்குக் கோபம் வருவது அந்த யாரோ மீதுதான். ‘ஆங்கிலம் பேசும்போது இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் உனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் சொல் வரும்வரை ஆக்சுவலி, பேசிக்கலி, யூ நோ, ஐ மீன் போட்டு நிரப்பு’ என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். 30 நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்கிறார்கள். அச்சடித்துக்கூடக் கொடுக்கிறார்கள். ‘ஸ்டைலாகப் பேச 10 சொற்கள்’ என்று தலைப்பிட்ட தாளை ஒரு பெண் லேமினேட் செய்து ஃபைலில் வைத்திருந்தாள், மார்க் ஷீட்டுக்கு மேலே. காசு கொடுத்து வாங்கிய தாளாம்.

இதை நான் ஒவ்வொரு கல்லூரியிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். சரளம் என்பது வாய் மூடாமல் இருப்பது அல்ல. எடுத்த வாக்கியத்தை முடிப்பதுதான் சரளம். ஒரு வாக்கியம் சொல்லி, நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்ததைச் சொல்கிறவரை யாரும் ‘இவருக்கு மொழி தெரியாது’ என்று நினைப்பதில்லை, நிதானமானவர் என்றுதான் நினைப்பார்கள். தமிழில் நீங்கள் யாரை நல்லாப் பேசுகிறார் என்று சொல்கிறீர்கள்? ‘வந்து... வந்து... என்னன்னு பாத்தீங்கன்னா’ என்று இழுக்கிறவரையா? இல்லையே. அப்புறம் ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? பேசுகிறவருக்கு ஒரு நொடி மௌனம் ஒரு யுகமாகத் தெரியும், கேட்கிறவருக்கு அது முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆர். அந்த ஒரு நொடியில் பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டிருப்பார். நிம்மதியாகக் குறிக்க விடுங்கள்.

பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பிக்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. பதில் உடனே வந்தாக வேண்டும் என்ற பதற்றம் நமக்கு இயல்பாக வருவது இதனால்தான். ஆனால் அது திண்ணைப் பேச்சின் வேகம். நேர்காணலில் கேள்வி கேட்டவரே நீங்கள் யோசிப்பீர்கள் என்று எதிர்பார்த்துதான் கேட்கிறார்.

இன்னொன்று. ‘அ...’, ‘ம்...’ என்று இழுப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலத்தின் ‘அ’ சிறு தாமதத்துக்கும் ‘அம்’ கொஞ்சம் பெரிய தாமதத்துக்கும் அறிகுறி என்று காட்டினார்கள். ‘பொறுங்கள், வந்துகொண்டிருக்கிறது’ என்று கேட்பவருக்குச் சொல்கிற சங்கேதம் அது. இயல்பான பேச்சில் 100 சொல்லுக்குச் சுமார் 6 இடத்தில் யாரும் தடுக்கத்தான் செய்வார்கள், இழுப்பு, திருப்பிச் சொல்வது எல்லாம் சேர்த்து. என் சண்டை அதோடு இல்லை. அர்த்தமுள்ள சொல்லை அர்த்தமில்லாமல் போடுவதோடுதான்.

ஏனென்றால் நீங்கள் சும்மா போட்டாலும் அந்தச் சொல் சும்மா இருக்காது. ‘ஆக்சுவலி’ என்றால் நீங்கள் நினைப்பது ஒன்று, உண்மை வேறு என்று பொருள். பெயரைக் கேட்டால் “ஆக்சுவலி, ஐ ஆம் பிரியா” என்றால், ரெஸ்யூமேயில் இருப்பது யார் பெயர்? ‘ஹானஸ்ட்லி’ சொன்னதும், இதுவரை சொன்னது என்ன கணக்கு என்று தோன்றும். “லைக் செவன்டி எய்ட் பர்சன்ட்” என்கிறார்கள், சொந்த மதிப்பெண்ணை! எழுபத்தெட்டா, எழுபத்தெட்டு மாதிரியா? எல்லாவற்றிலும் மோசம் ‘ஆப்வியஸ்லி’. “இந்த வேலையில் இரவு ஷிஃப்ட் வரும், பரவாயில்லையா?” என்றால் “ஆப்வியஸ்லி சார்” என்கிறார்கள். பணிவாகச் சொல்வதாக நினைப்பு. கேட்பவர் காதில் ‘இதெல்லாம் ஒரு கேள்வியா’ என்று விழும். நல்ல பிள்ளைகள் இந்த ஒரு சொல்லால் திமிர் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

‘லிட்டரலி’க்கு மட்டும் கொஞ்சம் பரிந்து பேசலாம். மிகைப்படுத்தச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1769-லிருந்தே உதாரணம் காட்டுகிறது, நேற்றைய ரீல்ஸ் பழக்கம் இல்லை. இருந்தாலும் புராஜெக்ட் பற்றிச் சொல்லும்போது “லிட்டரலி கிராஷ் ஆச்சு” என்று சொல்லாதீர்கள். நிஜமாகவே ஆச்சா என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வியாதி நம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள்தான் இதில் முன்னோடிகள். எளிய ஆங்கிலத்துக்காகப் போராடும் ‘ப்ளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு 2004-ல் கருத்துக் கேட்டபோது, மிக எரிச்சலூட்டும் தொடராக வந்தது ‘அட் தி எண்ட் ஆஃப் த டே’. கமாவுக்குப் பதிலாகப் போடும் ‘லைக்’கும் பட்டியலில் மேலேயே இருந்தது. அமெரிக்காவில் லேக் சுப்பீரியர் மாநிலப் பல்கலைக்கழகம் 1976-லிருந்து வருஷா வருஷம் ‘தடை செய்ய வேண்டிய சொற்கள்’ என்று வேடிக்கையாக ஒரு பட்டியலே போடுகிறது. 1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்களில், பேசுகிறவர் எத்தனை முறை ‘ஆ’, ‘அம்’, ‘ஸோ’ போட்டார் என்று எண்ணுவதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். நம் வகுப்புகளில் சம்பளமில்லாமல் அதே வேலையைக் கடைசி பெஞ்ச் செய்கிறது. ‘ஓகே? ரைட்? அண்டர்ஸ்டுட்?’ என்று பாடம் நடத்தும் பேராசிரியர்களே, உங்கள் ஓகேக்களுக்கு டெஸ்க்கில் கோடு போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டி, பந்தயமே நடக்கிறது. நான் பார்த்தேன்.

‘நம்ம ஊர் நாக்குக்கு இங்கிலீஷ் வராது மேடம்’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது. வலங்கைமானில் 1869-ல் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரிக்கு அவருடைய ஆங்கிலப் பேச்சுக்காக ‘வெள்ளி நாக்குப் பேச்சாளர்’ என்று வெள்ளைக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள். அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் கணித மேதை ராமானுஜன் என்பதும் உண்மைதான். ஆங்கிலத்தை வைத்து மட்டும் ஆளை எடை போடுகிற ஹெச்.ஆர்.களுக்காக அதையும் சொல்லி வைக்கிறேன்.

‘ஐ ஆம் ஃப்ரம் திருவாரூர் ஒன்லி’, ‘டுடே இட்செல்ஃப்’ போன்றவற்றை நான் தொடுவதே இல்லை. அது இந்திய ஆங்கிலத்தின் வாசனை, நிரப்புச் சொல் கிடையாது. ‘மைசெல்ஃப் முருகன்’ மட்டும் வேண்டாம், ‘ஐ ஆம் முருகன்’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

திருத்துறைப்பூண்டிப் பையனிடம் வருகிறேன். இணையத்தில் எடுத்து மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தை மூடி வைக்கச் சொன்னேன். “உங்க வயல்ல இந்த வருஷம் என்ன நடந்தது, அதைச் சொல்லுப்பா, ஆங்கிலத்துலயே” என்றேன். கொஞ்சம் யோசித்தான். “வி ஆர் இன் தி டெயில் எண்ட். மேட்டூர் டேம் ஓபன்ஸ் ஆன் ஜூன் ட்வெல்வ். பட் வாட்டர் கம்ஸ் டு அஸ் லேட். ஸோ மை ஃபாதர் டஸ் டைரக்ட் சோயிங் ஃபார் சம்பா.” நேரடி விதைப்புக்குச் சொல் தேடி நடுவில் ஒரு முறை நிறுத்தினான். வாயை மூடிக்கொண்டுதான் தேடினான். ஒரு ஆக்சுவலி இல்லை, ஒரு யூ நோ இல்லை. அதில் வந்த ‘ஸோ’கூட வேலை செய்கிற ‘ஸோ’: தண்ணீர் தாமதம், அதனால் நேரடி விதைப்பு. இவனைப் பார்த்தால் கடைமடை (அவன் சொன்ன ‘டெயில் எண்ட்’, வாய்க்கால் போய் முடிகிற இடம்) பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்கத் தோன்றும். மனப்பாடத்தை ஒப்பிக்கும்போதும், தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டும்போதும்தான் இந்தச் சொற்கள் ஈசலாக வருகின்றன.

அதனால் பிள்ளைகளே, முதலில் அந்த ‘ஹார்ட் வொர்க்கிங், ஸ்மார்ட் வொர்க்கிங்’ அறிமுகத்தைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஊர், வீடு, புராஜெக்ட், இதில் உங்களுக்கு நிஜமாகத் தெரிந்ததை எழுதுங்கள். கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுக்கொண்டே பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை, யாருக்கும் பிடிக்காது. அதிகம் விழுந்த ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விரட்டப் பார்த்தால் பேச்சே நின்றுவிடும். பெரும்பாலும் பதிலின் முதல் சொல்லாகத்தான் அது வரும். கேள்வி முடிந்ததும் உதட்டை மூடுங்கள், மூச்சை இழுங்கள், பிறகு ஆரம்பியுங்கள். நிஜமாகவே யோசிக்க வேண்டுமென்றால் ‘லெட் மீ திங்க்’ என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். ஒரு நேர்காணலில் ஒரு முறை, இரண்டு முறை சொல்லலாம். ஒவ்வொரு கேள்விக்கும் சொன்னால் அதுவும் ஆக்சுவலிதான்.

கணினியே மதிப்பெண் போடும் வாய்மொழித் தேர்வு வேறு கதை. அங்கே நீண்ட மௌனம் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி வாக்கியத்தைப் படிப்பதும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும்தான். அதில் ‘ஆக்சுவலி’ சேர்த்தால் வாக்கியமே தப்பு.

பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ‘யூ நோ’வுக்கும் கை தட்டுவது, ஐந்து ரூபாய் அபராதம் போடுவது, இதையெல்லாம் தயவுசெய்து நிறுத்துங்கள். அபராதம் போட்ட வகுப்பில் ஆக்சுவலி மட்டுமா நின்றது, பிள்ளைகள் வாயைத் திறப்பதே நின்றுவிட்டது. திக்குவாய் உள்ள பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சொல் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அவர்களில் பலர் ஒரு நிரப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சொல்லுக்குப் போவார்கள். அந்தப் பிடியைப் பிடுங்கினால் பேச்சு இன்னும் அடைபடலாம். அவர்களைப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்புங்கள், நம் வேலை இல்லை அது.

கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர்களே, கம்பெனி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து “நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் வந்து ஃப்ளூயன்ஸி மட்டும் கொஞ்சம் பாத்து விட்ருங்க மேடம்” என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் என்னால் பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் முடியும். மூன்று வாரம் முன்னால் கூப்பிடுங்கள், வருகிறேன். அந்த லேமினேட் தாளையும் யாரிடமிருந்து வாங்கினீர்களோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.