ஓவர்க்ளாக்கிங்: ஓசியா, துடிப்பேற்றமா?

வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் ‘ஓவர்க்ளாக்கிங்’ என்று முழுசாகச் சொல்வதில்லை. “ஓசி பண்ணிட்டேண்ணா, 4.6-ல நிக்குது” என்பார்கள். கம்ப்யூட்டரின் செயலியை (ப்ராசசரை), தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக்கிங்; 4.6 என்பது அந்த வேகம். அதைச் சுருக்கிய இரண்டு ஆங்கில எழுத்துதான் (OC) அந்த ஓசி. ஆனால் சென்னைக் காதுக்கு அது காசு கொடுக்காமல் கிடைக்கிற ஓசியாகத்தான் கேட்கும்.

அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை வாங்கியவர்கள், மதர்போர்டில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்த அடிப்படை வேகத்தை 100 ஆக்கி, 300-ல் ஓட வேண்டியதை 450-ல் ஓட்டினார்கள். சிப்புக்கு அதிகமாக ஒரு பைசா தரவில்லை. சுத்தமான ஓசி.

சொல்லுக்கு வருவோம். ‘க்ளாக்’ என்பதன் வேர், இடைக்கால லத்தீனில் மணியைக் குறித்த ‘க்ளோக்கா’. அடிக்கிற மணி. நாமும் “மணி என்ன?” என்றுதானே நேரம் கேட்கிறோம்? சென்னை மின்ட் பகுதியில் நிற்பதும் மணிக்கூண்டுதான், கடிகாரக்கூண்டு இல்லை. செயலிக்குள் இருக்கும் க்ளாக்கும் நேரம் காட்டுவதில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

படகைக் கரையேற்றும்போது ஒருவர் ‘ஐலசா’ குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். குரல் வேகமானால் படகும் வேகமாக ஏறும், யாரோ ஒருவர் கை பின்தங்குகிற வரைக்கும். கம்ப்யூட்டரில் அந்தக் குரலுக்கு ஆதாரம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அதை வைத்து விநாடிக்கு 10 கோடி அடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், உண்டாக்குகிறார்கள். அதை 46-ஆல் பெருக்கினால் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சமிக்ஞை போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 உட்கார்ந்துவிடும்.

சீக்கிரம் சேர வைக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். ஓசி அங்கே முடிகிறது. செயலி தின்னும் மின்சாரம் துடிப்போடு, அதாவது அந்த அடிகளின் வேகத்தோடு, நேராக ஏறும். மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். துடிப்பு 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6-க்கும், மின்னழுத்தம் 1.20 வோல்ட்டிலிருந்து 1.35-க்கும் போனால், வேகம் கூடுவது 10 சதவீதம்கூட இல்லை. மின்சாரமோ ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

4.6-ல் நிற்கிறது என்றானே அந்தத் தம்பி, அவன் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. இரவு 11 மணிக்குப் பத்து நிமிஷம் சோதனை ஓட்டிவிட்டு அப்படிச் சொன்னான். மறுநாள் மே மாத மதியம். கல்யாண வீடியோ ரெண்டர் முக்கால்வாசி போனதும், விண்டோஸ் செத்துப்போனால் வரும் நீலத் திரை: ‘க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’. செயலிக்குள் கணக்குப் போடும் பகுதிகளில், அதாவது கோர்களில், ஏதோ ஒன்று மணிக்குப் பதில் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அறைக்காற்றைவிடச் செயலியைக் குளிர வைக்க முடியாது. அந்த அறையோ அடுப்பங்கரை மாதிரி. பிரைம்95 போன்ற மென்பொருளை மதியத்தில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அது விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கும்; தப்பு வந்தால் நீலத் திரை வரும்வரை காத்திராமல் அங்கேயே சொல்லிவிடும்.

‘ஸ்டேபிள்’ என்பதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். அதன் லத்தீன் வேருக்கும் ‘நில்’ என்றே பொருள். பையன்கள் கேட்கிற ‘நிக்குதா?’வே போதும்.

ஓவர்க்ளாக்கிங்தான் படுத்துகிறது. ‘மிகைக்கடிகாரம்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டியது போலிருக்கிறது. கடிகாரத்துக்குள் இருக்கும் கடிகை என்பது நாழிகை, 24 நிமிடம். விநாடிக்கு 460 கோடி முறை அடிப்பதற்கு அந்தப் பெயரா? முல்லைப்பாட்டின் ‘குறுநீர்க் கன்னல்’ அழகான சொல், ஆனால் அதுவும் நேரம் அளக்கும் நீர்க்கலம். ‘மிகைத்துடிப்பு’ என்றால் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். தவிர, மிகை என்றாலே தமிழில் ஒரு குற்றம் ஒட்டிக்கொள்ளும், நம் ஊர் ‘ஓவரா பண்ணாதே’ போல.

என் ஓட்டு ‘துடிப்பேற்றம்’. விலையேற்றம், மின்னேற்றம் வரிசையில் உட்காரும். ‘துடிப்பேற்றினான்’ என்று வினையாக்கலாம். எதிர்ப்பதமாகத் ‘துடிப்பிறக்கம்’ தானே வந்துவிடும். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸுக்கு ‘அடித்துடிப்பு’, 46-க்குப் ‘பெருக்கெண்’ என்று கூடவே வைத்துக்கொள்ளலாம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அதற்குள் 4.4-க்கு இறக்கி, மின்னழுத்தத்தையும் குறைத்திருந்தான்.

“துடிப்பேற்றமா? நல்லா இருக்குண்ணா. ஓசி இப்போ மதியத்துலயும் நிக்குது.”