தூண்டிலைப் பிரிக்கும் முன் வெப்பமானி

கோடை தொடங்கும் அந்தச் சில வாரங்கள்தான் ஆற்றில் எனக்கு மிகப் பிடித்த காலம். நீருக்கடியில் ஓராண்டோ இரண்டாண்டோ இளம்பூச்சியாகக் கிடந்த மேஃப்ளை என்ற பூச்சிகள் சிறகு முளைத்து மேலே வரும். சிறகோடு அவற்றுக்கு ஓரிரு நாள்தான் வாழ்வு. அவற்றைத் தின்ன ட்ராவுட் மீன் மேற்பரப்புக்கே வந்து வாய் திறக்கும்போது, நாம் வீசும் ஃப்ளையையும், அதாவது முள்ளில் கட்டிய போலிப் பூச்சியையும், கவ்வும். புதிதாகக் கற்க வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம்.

ஆனாலும் தூண்டிலைப் பிரிக்கும் முன் வெப்பமானியை நீரில் இறக்கச் சொல்வேன். காற்று இதமாக இருக்கிறதே என்பார்கள். காற்றின் இதத்தை வைத்து நீரைக் கணிக்க முடியாது.

ட்ராவுட் குளிர்நீர் மீன். ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக இரை எடுக்கும். அதற்கு மேல் நீர் சூடாக ஆக, அதன் நிலை மத்தளம் போல. இரண்டு பக்கமும் இடி. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். மீனின் உடலுக்கோ அப்போதுதான் ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவை. 18 டிகிரியைத் தொட்டால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். 20 என்றால் அன்றைக்கு மீன்பிடிப்பு கிடையாது, எவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தவராக இருந்தாலும் சரி.

இந்தக் கண்டிப்பு எனக்கு ஒரு மீனால் வந்தது. பல வருடங்களுக்கு முன், பிற்பகல் மூன்று மணி. உடன் வந்தவருக்கு அது முதல் ட்ராவுட். நெடுநேரம் போராடி இழுத்தார், தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தோம், நீரில் விட்டோம். வாலை அசைத்துக்கொண்டு போய்விட்டது, நாங்களும் மகிழ்ந்தோம். அரை மணி கழித்துக் கீழே ஒரு மடுவின் அடியில் வயிறு மேலாகக் கிடந்தது அதே மீன். நீந்திப் போனதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. போராட்டத்தில் தசைகளில் சேரும் அமிலம் மீனைப் பிறகும்கூடக் கொல்லும்.

நீர் வற்றித் தெளியும் பருவம் என்பதால் பலரும் தூண்டில் நரம்பை மிக மெல்லியதாகக் கட்டுகிறார்கள். மீனின் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மெதுவாக இழுக்க, போராட்டம் நீள்கிறது. ஒரு படி தடித்த நரம்பைக் கட்டி, மீனுக்குக் கீழ்ப்புறமாக நின்று பொறுமையாக வீசுங்கள். ட்ராவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். பின்னால் இருப்பவரை எளிதில் காணாது.

தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். முள் நொடியில் கழன்றுவிடும். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும், கிருமிகளைத் தடுப்பது அந்தப் படலம்தான். கைவலை ரப்பராக இருக்கட்டும். படம் வேண்டுமென்றால் மீன் நீரிலேயே இருக்கும்போது எடுக்கலாம். விடும்போது தலை நீரோட்டத்தை நோக்கி இருக்குமாறு தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், செவுளுக்குள் நீர் தலைகீழாகப் போகும்.

நேரம் என்றால் விடியற்காலைதான். பகல் வெயிலில் ஏறிய சூடு அந்தி சாய்ந்தவுடன் இறங்குவதில்லை, இரவு முழுவதும் தேவைப்படுகிறது. மாலையில் பூச்சிகள் திரளாகப் பறப்பதைப் பார்த்து மயங்கிவிடாமல் மறுபடியும் அளந்து பாருங்கள். பாசி மண்டிய மெதுவான நீரை மட்டும் விடியலிலும் தவிர்த்துவிடுவேன். இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் அங்கே ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். கற்களில் மோதி நுரைத்து ஓடும் இடமே மீனுக்கும் நல்லது.

நீர் சூடாகிவிட்ட பிற்பகல்களில் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, வந்தவர்களோடு ஆழமில்லாத ஓரத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பேன். அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சிகளைக் காட்டிவிட்டு, இருந்தபடியே கல்லைத் திரும்ப வைத்துவிடுவோம்.