சொரியாசிஸ்: அரிப்பின் பெயர் செதிலுக்கு வந்த கதை

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை எந்த மருந்துக்கடையில் சொன்னாலும் சொரியாசிஸ் என்ற தோல்நோயின் பெயர் புரியும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழுவது ‘சொறி’. சொறி என்றால் ஒட்டும். ஒரே துவர்த்தில் துடைத்தால் வரும், ஒரே பாயில் படுத்தால் வரும். அதனால் நோயாளிக்குத் தனித் தட்டு, தனிச் சோப்பு, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. இந்த நோய் தொட்டால் ஒட்டாது. பெயரின் ஓசை ஒன்றினாலேயே இத்தனை விலக்கு நடக்கிறது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். சொறி வல்லின றகரம். சொறிதல், அதாவது நகத்தால் கீறுதல். சொரியாசிஸில் வருவது இடையின ரகரம். இடையினத்தில் எழுதினால் சொரிதல், பூச்சொரிதலில் வருவது. காலையில் படுக்கையை உதறும்போது உதிர்ந்து கிடக்கும் வெள்ளைத் தூளை நினைத்தால் இந்தச் சொரிதல்தான் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டோடும் இதற்கு உறவு கிடையாது. இது கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பு.

கிரேக்கத்தில் ‘சோரா’ என்றால் அரிப்பு. எழுதும்போது முன்னால் ஒரு பகரம் உண்டு; ஆங்கிலத்தில் அது ஒலிக்காது, தமிழில் நாமும் விட்டுவிட்டோம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர் கண்ணிமையிலும் விதைப்பையிலும் அரிப்போடு தோலுரியும் நோய்க்கு அதிலிருந்து சொரியாசிஸ் என்ற பெயரை வைத்தார். அவர் சொன்ன அடையாளங்களைப் படிக்கும் இன்றைய மருத்துவர்கள் அது ஒருவகைக் கரப்பான் நோயாக (எக்சிமா) இருக்கலாம் என்கிறார்கள். ஆக, பெயர் பிறந்தது வேறொரு நோய்க்கு.

இன்னொரு கிரேக்கச் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘லெபிஸ்’ என்றால் செதில்; அதிலிருந்து வந்தது ‘லெப்ரா’. செதில் உதிரும் தோல்நோய்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அது. பின்னாளில் அந்தப் பெயர் செதிலே உதிராத தொழுநோய்க்குப் போய்விட்டது. செதில் உதிரும் நோய்க்கு அரிப்பின் பெயர் வந்து சேர்ந்தது. 1808இல் இங்கிலாந்தின் மருத்துவர் ராபர்ட் வில்லன் இந்த நோயைத் துல்லியமாக வருணித்தபோதுகூட ‘கிரேக்கரின் லெப்ரா’ என்றே எழுதினார். 1841இல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ராதான் இதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமில்லை என்று பிரித்து, சொரியாசிஸ் என்ற ஒரே பெயரை நிலைநிறுத்தினார்.

நம் பக்கத்திலும் இதே குழப்பம் வேறு வழியில் நடந்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரியில் ஆயுர்வேதச் சொற்கள் வீடுவரை புழங்கும். ஆயுர்வேதத்தில் ‘குஷ்டம்’ என்பது தோல்நோய்களுக்கான பொதுப்பெயர். 18 வகை சொல்லப்படுகிறது. அதில் ஏககுஷ்டம் வியர்க்காது, பரந்து படரும், மீன் செதில்போல் இருக்கும் என்கிறது சரகம் என்ற பழைய ஆயுர்வேத நூல். சொரியாசிஸுக்கு நெருங்கிய வருணனை இது. ஆனால் வைத்தியர் வாயிலிருந்து ‘குஷ்டம்’ என்று வந்தவுடன் வீட்டார் மனதில் வருவது தொழுநோய். வேறுபாடு எளிது. தொழுநோய்த் திட்டில் பஞ்சு நுனியால் தொட்டால் உணர்வு மங்கியிருக்கும். சொரியாசிஸ் திட்டில் உணர்வு குறையாது. ஐயம் இருந்தால் தோல் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பது இது. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிரச் சாதாரணமாக ஏறத்தாழ 28 நாள் ஆகும். இந்த நோயில் உடலின் காவல் செல்கள் தவறாகத் தூண்டப்படுவதால் 3 முதல் 5 நாளில் வந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தடிக்கின்றன. திட்டை இலேசாகச் சுரண்டினால் மெழுகுவத்தியைச் சுரண்டியதுபோல் வெள்ளித் தூள் உதிரும். இன்னும் சுரண்டினால் மெல்லிய சவ்வு, அதற்கும் கீழே ஊசி குத்தியதுபோல் இரத்தப் புள்ளிகள். மருத்துவர் பார்க்கும் அடையாளம் இது. வீட்டில் செய்யக் கூடாது. இந்த நோயில் தோல் காயப்பட்ட இடத்தில், பெரும்பாலும் 10 முதல் 14 நாளில், புதுத் திட்டே எழும்பலாம். பனையேறிக்குத் தளைநார் உரசும் பாதம், கரமடி வலை இழுப்பவருக்கு வடம் உரசும் உள்ளங்கை என்று தொழில் உரசும் இடங்களில் திட்டு வர இதுவும் ஒரு காரணம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைப்பவர் கை உரிவது பெரும்பாலும் தோட்டு எண்ணெய் பொள்ளுவதால். அங்கே கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் முழங்கை, உச்சந்தலை, நகம் மூன்றையும் பார்க்க வேண்டும். நகத்தில் குண்டூசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் சொரியாசிஸ் ஐயம் வலுக்கும். அதோடு காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தால் மூட்டையும் காட்ட வேண்டும்.

தமிழ்ப்பெயருக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். அந்தத் துறைக்குள் அது நிலைத்த சொல், இருக்கட்டும். பொதுவழக்கில் ‘படை’ என்றால் படர்தாமரை நினைவுக்கு வரும். உடனே கடையில் படை ஆயின்மென்ட் கேட்பார்கள். ஸ்டீராய்டு கலந்த குழாய் ஒன்று கையில் வந்தால், ஒரு வாரம் அடங்கி, நிறுத்தியதும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். படர்தாமரைக்கு ஓரம் தடித்து நடு தெளிந்திருக்கும். சொரியாசிஸ் திட்டு முழுக்கச் செதில் மூடியிருக்கும். ‘செம்படை’ என்ற பெயர் நிறத்தைச் சொல்கிறது. நம் கருந்தோலில் திட்டு பெரும்பாலும் ஊதாவாகவோ சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். சிவப்பைத் தேடினால் நோயைத் தவறவிடுவோம். ‘செதில் உதிர் நோய்’ பரவாயில்லை, ஆனால் பொடுகும் உதிரும். ‘செதில்தடிப்பு நோய்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தடிப்பு, செதில் இரண்டையும் சொல்கிறது. அரிப்பையோ ஒட்டுதலையோ நிறத்தையோ சொல்லவில்லை.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. வெட்பாலைத் தைலம் என்பது வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் மூழ்கப் போட்டு, கண்ணாடிக் குப்பியில் வெயிலில் வைத்து, எண்ணெய் கருஊதாவானதும் வடிப்பது. மலையாளத்தில் இதே மரம் தந்தப்பால. பாலை என்ற பெயரில் ஏழிலைப்பாலையும் குடசப்பாலையும் உண்டு. மாறிப் பறிக்கக் கூடாது. வெட்பாலைக்காய் இரட்டையாகத் தொங்கி, இளசில் நுனி ஒட்டியிருக்கும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் காறிவிடும். மழைக்காலத்தில் போடுவது வீண். செதிலை இளக்க இது உதவலாம். உடம்பெல்லாம் சிவந்து உரிந்தாலோ சீழ்க்கொப்புளம் எழுந்தாலோ தைலத்தோடு காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக்கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ அன்றே போக வேண்டும்.

கடைசியாக, மருந்துச்சீட்டில் வரும் ஒரு சொல்: மெத்தோட்ரெக்சேட். நோய் கடுமையானால் தரும் இந்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். கர்ப்பிணிக்கு ஆகாது, மதுவும் கூடாது, இரத்தமும் ஈரலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையின் பெயரையே எழுதி வையுங்கள்.