கோப்புறை வந்துவிட்டது, காவலாளி வந்தாரா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு தமிழ் அமைப்பின் இணையத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். உறுப்பினர் பட்டியல் இருந்த கோப்புறைக்குக் கடவுச்சொல் உண்டு. எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டு, செயலாளரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "தம்பி, கடவுச்சொல்லே கேட்கலையே, நேரா பட்டியல் வந்துடுச்சு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எத்தனை பேருடைய வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் அதில் இருந்தன!

பழைய சர்வரில் ஓடியது அப்பாச்சி, அதாவது கேட்கிறவர்களுக்குத் தளத்தின் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். அங்கே கோப்புறைக்குள் 'எச்டிஆக்சஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். "வருகிறவரிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேள், இன்ன கோப்பில் சரிபார்" என்று எழுதிய சீட்டு அது, அவ்வளவுதான். அப்பாச்சி அதைப் படித்து 401 ('முதலில் நீ யாரென்று சொல்') என்ற எண்ணோடு பதில் அனுப்பினால்தான் பிரௌசர் கடவுச்சொல் பெட்டியைக் காட்டும். புதிய சர்வரில் இருந்தது அதே வேலையைச் செய்யும் எஞ்சின்எக்ஸ் என்ற வேறு மென்பொருள். தொடங்கும்போதே தன் அமைப்புக் கோப்பை (கான்ஃபிக்) படித்துவிடும். கோப்புறைக்குக் கோப்புறை சீட்டுத் தேடாது. வேகத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சீட்டு அங்கேயே கிடந்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. அந்தக் காவலை அமைப்புக் கோப்பில் நாமே எழுத வேண்டும், இரண்டே வரிகள்தான்.

கடவுச்சொற்கள் இருப்பது 'எச்டிபாஸ்வேர்ட்' கோப்பில். ஒரு வரியைத் திறந்து பாருங்கள்: பெயர், முக்காற்புள்ளி, பிறகு 'ஏபிஆர்1' என்று தொடங்கும் புரியாத எழுத்துகள். கடவுச்சொல்லோடு கொஞ்சம் 'உப்பு' எழுத்துகளைச் சேர்த்து, எம்டி5 முறையில் 1000 சுற்று அரைத்த மாவு அது. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. இந்த வகையை எஞ்சின்எக்ஸும் புரிந்துகொள்வதால் பழைய கடவுச்சொற்களே செல்லும். விண்டோஸின் ஐஐஎஸ் சர்வருக்குப் போனால் கதை வேறு. அது வழக்கமாக விண்டோஸ் பயனர் கணக்குகளோடுதான் ஒப்பிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் புதுக் கணக்கு திறக்க வேண்டும்.

நான் பெரிதாகப் பயப்படுவது இன்னொன்றுக்கு. 'எச்டி' என்று தொடங்கும் இந்தக் கோப்புகளை யார் கேட்டாலும் தராதே என்று அப்பாச்சியின் வழக்கமான அமைப்பிலேயே எழுதியிருக்கும். எஞ்சின்எக்ஸில் அதை நாம் சொல்லாவிட்டால், கடவுச்சொல் கோப்பையே எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் அதைத் தளத்தின் கோப்புறைகளுக்கு வெளியே வைப்பதுதான் சரி.

அப்பாச்சியிலிருந்து அப்பாச்சிக்கே போனாலும், கடவுச்சொல் கோப்பின் முழுப் பாதை மாறியிருந்தால் 500 என்ற சர்வர் பிழை வரலாம். அது பரவாயில்லை, கதவு மூடித்தானே இருக்கிறது.

அன்று இரவே அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டுச் செயலாளரை மறுபடி அழைத்தேன். பிரௌசர் பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும் என்பதால், மறைநிலைச் சாளரத்தில் திறக்கச் சொன்னேன். பெட்டி வந்தது. "சரிண்ணே, இப்போ பட்டியல் பிடிஎஃப்போட முகவரியை நேரா அடிச்சுப் பாருங்க" என்றேன். அதற்கும் பெட்டி வந்த பிறகுதான் பழைய சர்வரை நிறுத்தினேன்.