காய்ச்சல் விட்ட பாட்டியும் இரண்டு நிமிட லாக்டேட்டும்

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க மேடம், சரியாயிடும். ரெண்டு நாளா சாப்பிடல, அந்தச் சோர்வுதான்." அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த மகன் சொன்னது இது. பாட்டிக்கு வயது 68, பல வருடச் சர்க்கரை. பின்னால் பையோடு வந்த மருமகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: "காய்ச்சல் காலையிலயே விட்டுடுச்சு மேடம். ஆனா சாயந்திரத்துல இருந்து அத்தை என் பேரை மாத்திக் கூப்பிடுறாங்க."

எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் போதுமாக இருந்தது.

தெர்மாமீட்டரில் 97.8. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 210. தடுமாற்றத்துக்கு அது காரணமில்லை. ரத்த அழுத்தம் 104/60, பயப்படும்படி இல்லை. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 28. ஆள்காட்டி விரல் நுனியைப் பத்து நொடி அழுத்திவிட்டேன். வெளுத்த இடம் மறுபடி சிவக்க ஐந்து நொடி ஆனது. மூன்று நொடியைத் தாண்டினாலே ரத்த ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம். உடனே ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. மெஷினில் (ரத்தத்தில் உள்ள வாயுக்களையும் லாக்டேட்டையும் அளக்கும் கருவி) கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் லாக்டேட் வந்தது: 4.8. செப்சிஸ் என்ற என் சந்தேகம் வலுத்தது.

செப்சிஸ் என்றால் "ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ காலில் இருக்கும் ஒரு புண்ணிலோ தொற்று தொடங்குகிறது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போர் கட்டுமீறிப் போய், சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். உலகம் முழுக்க 2017-இல் மட்டும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான கணக்கு ஒன்று சொல்கிறது.

இதில் லாக்டேட்டுக்கு என்ன வேலை? செல்களுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும்போதும், உடல் கடும் நெருக்கடியில் இருக்கும்போதும் ரத்தத்தில் லாக்டேட் சேர்கிறது. 2-க்கு மேல் போனால் கவனம், 4-ஐத் தொட்டால் ஆபத்து. பாட்டியைப் போல ரத்த அழுத்தம் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இது ஏறியிருக்கலாம். ஆரம்பத்திலேயே பிடிக்க முடிவது அதனால்தான்.

பாட்டிக்கு இரண்டு கைகளிலும் பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுத்தோம். சிறுநீர் கலங்கலாக, நாற்றத்தோடு இருந்தது. வந்த நாற்பதாவது நிமிடம் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டது, கூடவே சலைன். இரண்டு மணி நேரம் கழித்து லாக்டேட் 3.1, விடியற்காலையில் 1.7. கல்ச்சரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்ற ரிப்போர்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். செப்சிஸ் வந்த பலருக்குக் கல்ச்சரில் ஒன்றுமே வளராது என்பது வேறு விஷயம்.

சரி, லாக்டேட் ஏறினால் செப்சிஸ், ஏறாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. வலிப்பு வந்தவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், ஆஸ்துமாவுக்கு அடுத்தடுத்து நெபுலைசர் வைத்தவருக்கும் ஏறும். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் டிரேயில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஏறும். எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன அல்லவா.

என்னை இன்னும் உறுத்துவது இதற்கு நேர்மாறான ஒன்று. காலில் வீக்கமும் சிவப்புமாக வந்த ஒருவருக்கு லாக்டேட் 1.6. பயிற்சிக் காலத்தில் இருந்த நான் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகி வார்டுக்கு அனுப்பினேன். மறுபடி பார்க்கச் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் கழித்து வார்டிலிருந்து கூப்பிட்டபோது ரத்த அழுத்தம் 70. பல நாள் ஐ.சி.யூ.வில் போராடித்தான் பிழைத்தார். அன்றிலிருந்து, சந்தேகம் இருந்தால் முதல் எண் எதுவாக இருந்தாலும் நோயாளியை நான் விடுவதில்லை. மூச்சு, நாடி, சிறுநீர் அளவு எல்லாம் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். லாக்டேட்டும் இன்னொரு முறை.

"புரோகால்சிடோனின் எடுக்கலையா?" என்று இப்போது குடும்பத்தினரே கேட்கிறார்கள். தொற்று தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறும் நல்ல ரத்தப் பரிசோதனை அது. சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இன்னும் மெதுவாகவே ஏறும். ஆனால் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்று முடிவு செய்ய புரோகால்சிடோனினை நம்பி இருக்க வேண்டாம் என்றே 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. எப்போது நிறுத்தலாம் என்பதற்குத்தான் அது கைகொடுக்கும். அமெரிக்காவில் வெள்ளை அணுக்களை நெருக்கிப் பார்த்துப் பத்து நிமிடத்துக்குள் செப்சிஸ் வாய்ப்பைக் கணிக்கும் கருவிக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. இவை நம் ஊர் மருத்துவமனைகளில் பரவலாக வரவேண்டும் என்பது என் ஆசை.

மெஷின் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், செப்டிக் ஷாக்கில் (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நிலை) இருந்த 424 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு பாதிக்கு லாக்டேட்டைப் பார்த்தும், மறுபாதிக்கு விரல் நுனியை அழுத்திப் பார்த்தும் சிகிச்சையை நடத்தினார்கள். விரலைப் பார்த்து நடத்தியவர்களிடம் இறப்பு அதிகமாகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் அந்த விரல் எப்போதும் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வயதானவர்களுக்குச் செப்சிஸில் காய்ச்சலே இல்லாமலும் போகலாம், உடம்பு சில்லிட்டும் இருக்கலாம். பேச்சுக் குழறல், புதிதாக வந்த குழப்பம், வேகமான மூச்சு, அரை நாளாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் காய்ச்சலோ நாற்றமுள்ள கசிவோ இருந்தால் அதையும் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். அப்புறம், வரும்போது மறைக்காமல் சொல்லுங்கள்: கடைசியாகக் காய்ச்சல் மாத்திரை எப்போது கொடுத்தீர்கள், மெடிக்கலில் சொல்லி வாங்கிய ஆன்டிபயாடிக் எத்தனை வேளை போனது. அந்த இரண்டு மூன்று மாத்திரைகளாலேயே கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். காலி அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

பாட்டி வந்துபோன பிறகு எங்கள் பிரிவில் ஒரு பழக்கத்தை மாற்றினோம். தொற்று சந்தேகமும் வேகமான மூச்சும் சேர்ந்து இருந்தால், டாக்டர் கையெழுத்துக்குக் காத்திராமல் வாசலிலேயே சிஸ்டர் லாக்டேட்டுக்கு ரத்தம் எடுத்துவிடுவார். சிரிஞ்சின் மேல் பெயரோடு எடுத்த நேரமும் எழுதியிருக்கும்.