குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள்

போன டிசம்பரில் ஒரு காலை, பெங்களூர் அல்சூரில் என் கிளினிக்கைத் திறக்கும்போதே ஓர் அம்மா செருப்புப் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பழைய துணியில் சுற்றிய பூனைக்குட்டி, கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும், எடை 170 கிராம். "ராத்திரி பூரா பால் குடுத்தேன் டாக்டரம்மா, அப்படியும் துவண்டு கிடக்கு" என்றார். எதில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன், பையிலிருந்து பாலாடையை எடுத்துக் காட்டினார். பேரனுக்கு வாங்கியதாம். அவனுக்குப் புகட்டியது போலவே மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டியிருக்கிறார்.

குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. தெர்மாமீட்டரில் 93 டிகிரி ஃபாரன்ஹீட். மூக்கோரம் பால் காய்ந்திருந்தது, மூச்சு கரகரவென்றது. மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

மூன்று நான்கு வாரம் வரை குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, தாய்தான் அதற்கு அடுப்பு. பெங்களூரில் டிசம்பர் இரவு 15 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும், அதுவும் மொசைக் தரையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை நிறுத்திவிடும், உள்ளே போன பால் செரிக்காமல் அப்படியே நிற்கும். விழுங்கும் தெம்பும் இருக்காது என்பதால் பால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், அங்கிருந்து நிமோனியாவுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

அதனால் முதலில் சூடு. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும். மெதுவாக, ஒரு மணி நேரமாவது எடுத்துச் சூடேற வேண்டும். ஹேர் டிரையரைப் பிடித்து அவசரப்படுத்தாதீர்கள். இடையில் துளி குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் தடவலாம், அவ்வளவுதான்.

வாய்க்குள் கதகதப்பு வந்து, குட்டி தலையைத் தூக்கித் தேட ஆரம்பித்தால் பால். பாக்கெட் பால் வேண்டாம், பேதியாகும்; அந்தப் பேதியே அந்த அளவு உடம்பை வற்றவைத்துவிடும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. குப்புறப் படுத்த நிலையில், தாய் மடியில் குடிப்பது போல, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வயிறு தாங்காது. குடித்ததும் ஈரப் பஞ்சால் அடியில் மெல்ல வருடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரமும் மலமும் போகாது (இதைச் சொன்னால் பாதிப் பேர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், தாய்ப்பூனை நக்கிவிடுவதே அதற்குத்தான்).

ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம், உடனே கொண்டு வாருங்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து செத்துப்போகும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கால் மாத்திரைகூட வேண்டாம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகிவிடும்.

அந்த அம்மா மறுநாளே திரும்பி வந்தார். அதே ஈற்றில் இன்னொரு குட்டி, யாரோ காரின் அடியில் கத்திக்கொண்டிருந்ததாம். இந்த முறை செருப்புப் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில் இருந்தது, பாலாடை இல்லை. சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடச் சொல்லி அனுப்பினேன், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார்: 182, 193, 193, 206. அந்த இரண்டாவது 193 வந்த அன்று ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன்.