மட்பாண்டப் பயிற்சிக்கூடத்தில் சக்கரத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் மட்பாண்டப் பயிற்சிக்கூடம் தொடங்க விரும்பி யோசனை கேட்க வருபவர்கள், மின்சக்கரம் எத்தனை வாங்கலாம், சூளை எந்த அளவில் வேண்டும் என்றே முதலில் கேட்கிறார்கள். தரையைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் கேட்பவர்கள் அரிது. என் அனுபவத்தில், கூடத்தில் புழங்குவோரின் உடல்நலம் பெரும்பாலும் அவ்விரண்டையும் பொறுத்தே அமைகிறது.

களிமண் ஈரமாக இருக்கும்வரை தூசி கிளம்புவதில்லை. சக்கரத்தைச் சுற்றித் தெறித்த சேறு காய்ந்து, காலில் மிதிபட்டுப் பொடியாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மணலில் இருக்கும் கனிமமான படிகச் சிலிக்கா காவிரி வண்டலிலும் உண்டு, விருத்தாசலம் பக்கமிருந்து தருவிக்கும் பீங்கான் கலவையிலும் உண்டு. ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் மிதக்கும் தூசியைவிட, கண்ணுக்கே தெரியாத, ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களே நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி, பல ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நோயாக வெளிப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பணியிடங்களில் சுவாசிக்கப்படும் இந்தச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-இல் வகைப்படுத்தியது. வாரம் ஒருமுறை வந்துபோகும் மாணவரைவிட, நாள் முழுதும் அங்கேயே இருக்கும் ஆசிரியருக்கும் பெருக்க வரும் அம்மாவுக்குமே ஆபத்து கூடுதல். அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லிவைப்பதுதான் இல்லை.

ஆகவே கூடத்துக்குள் துடைப்பத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. தரையை வழவழப்பான சிமெண்டில், வாட்டம் கொடுத்துப் போட்டுவிட்டால், வகுப்பு முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். மேசைகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் தூசி போய்விடும் என்று நம்புவோர் உண்டு. அலமாரியில் படிந்திருப்பதை அது அறை முழுதும் கிளப்பிவிடும். பானைக்குப் பளபளப்பான பூச்சு தரும் மெருகுப் பொடியைக் கரைக்கும்போது, அதைத் தண்ணீரில் மெல்லத் தூவ வேண்டுமே தவிர, பொடியின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அப்போது அணிய வேண்டியது முகத்தோடு பொருந்தும் என்95 கவசம். தோளில் கிடக்கும் துண்டு எதையும் தடுக்காது. கழுவிய நீரை நேரே சாக்கடைக்கு விடாமல், தொட்டியில் தெளியவைத்து அனுப்பினால் அடைப்பும் வராது, மண்ணும் திரும்பக் கிடைக்கும்.

சூளைக்குத் தனி அறை வேண்டும். கீற்றுக்கொட்டகை கூடவே கூடாது. மண்ணிலுள்ள கரிமப் பொருள்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிப்படுவதால், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் அங்கே தேவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பானை காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் சூளைக்குள் அடுக்காதீர்கள். அந்த ஈரம் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்யும், சிதறும் சில்லுகள் மின்கம்பிச் சுருளையும் பழுதாக்கும்.

வயலோரம் கூடம் அமைப்பவர்கள் சிலர், பம்புசெட்டுக்கு வந்திருக்கும் மும்முனை இணைப்பிலேயே சூளையையும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். விவசாயத்துக்கென இலவசமாகத் தரப்படும் மின்சாரத்தை வேறு பயனுக்குத் திருப்புவது விதிமீறல். தனி இணைப்பும் தனி எர்த்தும் போட்டுத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் சான்று வாங்கிய பிறகே முதல் சூளையை ஏற்றுங்கள்.